கணக்கில் வராத கைகள்



"வீட்டிலே எத்தனை பேர்?"

சொன்னாள்.

"எழுதப் படிக்கத் தெரியுமா?"

"கையெழுத்துப் போடுவேன் டீச்சரம்மா."

"என்ன வேலை செய்யறீங்க அக்கா?"

"நானா? நான் சும்மா வீட்லதான் இருக்கேன்."

நாடகக் காட்சியென்று எண்ணிவிடாதே. மேடைக்காக நான் தீட்டிய உரையாடலுமன்று. 2011ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், வெம்பக்கோட்டைக்கும் சாத்தூருக்கும் இடையே கரிசல் காட்டின் நடுவே கிடக்கும் ஒரு சிற்றூரில், என் வீட்டுத் திண்ணையில் நடைபெற்றது இது. வினவியவர் மக்கள் தொகைக் கணக்கெடுக்க வந்த பள்ளி ஆசிரியை. விடையிறுத்தவள் என்னைப் பெற்றவள்.

"சும்மா இருக்கிறேன்" என்றாளே, அவ்வேளையில் அவள் கைகள் சும்மாவா இருந்தன? இல்லை தோழனே, இல்லை! மடியிலே காகிதக் கட்டு. பக்கத்திலே பசைக் கிண்ணம். எதிரிலே உருட்டி அடுக்கிய வெடிக் குழாய்களின் குவியல். வினாவுக்கு விடை கூறியது வாய். குழாய் உருட்டுவதை நிறுத்தவில்லை கை. குரோசு கணக்கில் கூலி. ஒரு குரோசுக்கு 144. நூற்று நாற்பத்து மூன்று உருட்டினாலும் அது குரோசு ஆகாது! ஆகவே, கணக்கெடுக்க வந்தவர் முன்னிலையிலும் அவள் கை ஓயவில்லை. ஓயாத அந்தக் கையைப் பார்த்தபடியே, "வேலை இல்லாதவர்" என்று படிவம் நிரம்பியது.

ஆசிரியை மீது குற்றமில்லை. அவர் கேட்டார், இவள் சொன்னாள். குற்றம் யார்மீது என்று கேட்பாயானால், தலைகுனிந்து கூறுகிறேன், என்மீதுதான் முதற் குற்றம். கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்து, அதே திண்ணையின் மறுகோடியிலே அமர்ந்திருந்தேன். என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? அன்று மாலைக் கூட்டத்திலே உழைப்பாளியின் பெருமையைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்குவதற்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்! உழைப்பாளி எதிரிலே இருந்தாள். உழைப்பைப் பற்றிய பேச்சு என் ஏட்டிலே இருந்தது. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் அறிவு மட்டும் அன்று என்னிடம் இல்லை. "அம்மா, நீ சும்மா இல்லையே!" என்று ஒரு சொல் நான் சொல்லியிருந்தால், கணக்கேட்டிலே ஒரு கட்டம் மாறியிருக்கும். சொல்லவில்லை. மாறவில்லை.

ஒரு கட்டந்தானே, அதனாலென்ன என்று கேட்கிறாயா? அதைப் பற்றித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உன்னோடு உரையாட விரும்புகிறேன்.

மக்கள் தொகைக் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறாயா? ஊருக்கு ஒரு வரி. நம் ஊருக்கும் ஒரே ஒரு வரிதான். வீடுகள் இத்தனை, ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இத்தனை, எழுத்தறிந்தோர் இத்தனை என்று எண்கள் அணிவகுக்கும். அதற்குப் பின்னே வரும் கட்டங்களில் இருக்கிறது சூட்சுமம். ஆண்டிலே ஆறு மாதம், அதாவது 183 நாள், அல்லது அதற்கு மேல் வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர். அதற்குக் குறைவாகச் செய்தவர் ஓரத்துத் தொழிலாளர். எதுவும் செய்யாதவர் தொழிலாளர் அல்லாதவர். தொழிலாளரையும் நான்காய்ப் பிரிப்பார்கள்: சொந்த நிலத்திலும் குத்தகை நிலத்திலும் உழுபவர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில் புரிபவர், மற்றவர். உழவரைத் தவிர்த்து, கூலியைத் தவிர்த்து, வீட்டுத் தொழிலைத் தவிர்த்து, உலகத்திலுள்ள அத்தனை தொழிலுக்கும் ஒரே சொல், "மற்றவர்"!

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு சிவகாசி வட்டாரத்துக்கு வா, தோழனே. பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் ஊர்ப்பக்கம் பயராபீசு என்பார்கள். தீப்பெட்டித் தொழிற்சாலைக்குத் தீப்பெட்டி ஆபீசு என்று பெயர். மேசையும் நாற்காலியும் மின்விசிறியும் உள்ள அலுவலகமென்று மயங்கிவிடாதே! பொட்டல் காட்டிலே தள்ளித் தள்ளிக் கட்டிய சிற்றறைகள். அறைக்குள்ளே தரையிலமர்ந்து மருந்து செலுத்துவோர், திரி வைப்போர், சரம் பின்னுவோர். வெளியே வெயிலிலே காயும் வெடிகள். மழை வந்தால் காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இல்லையேல் வேலை இல்லை. தீபாவளி முடிந்தால் சில வாரம் கதவடைப்பு. எங்கேனும் விபத்து நேர்ந்தால் சோதனை; சோதனை நடக்குமென்று செய்தி வந்தாலே பல ஆலைகளுக்குப் பூட்டு. இத்தனையும் கழித்து மிஞ்சுகிற நாள் 183ஐத் தொட்டால் அவள் முதன்மைத் தொழிலாளி. தொடாவிட்டால் ஓரத்துத் தொழிலாளி. உழைப்பின் அளவை உழைப்பவள் தீர்மானிக்கவில்லை. மேகமும் பூட்டும் தீர்மானிக்கின்றன!

ஆலை மூடிய நாளிலே அவள் என்ன செய்கிறாள்? சீமைக்கருவேல முள் வெட்டுகிறாள். 2005ஆம் ஆண்டுச் சட்டம் தந்த நூறு நாள் வேலையிலே கண்மாய்க் கரையில் மண் சுமந்திருக்கிறாள். வீட்டிலமர்ந்து குழாய் உருட்டுகிறாள். ஒருத்தியே மூன்று தொழில் செய்கிறாள். ஏட்டிலே மூன்றில் எதுவும் ஏறுவதில்லை. "சும்மா இருக்கிறேன்" என்பதே ஏறுகிறது.

ஏன் இந்த ஊர்களுக்கு இப்படியொரு பிழைப்பு வந்தது? வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். காவிரி பாயும் தஞ்சையன்று எங்கள் மண். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் வானம் பார்த்துக் கிடக்கும் ஆறுகள். மழை பெய்தால் கரிசல் சேறாகி காலைப் பிடிக்கும். பெய்யாவிட்டால் பாளம் பாளமாய் வெடித்து வாயைப் பிளக்கும். பருத்தி, சோளம், கம்பு, மிளகாய், இவையே விளைவு. கண்மாய் நிரம்பினால் கொஞ்சம் நெல். விளைந்தால் விருதுநகர்ச் சந்தையிலே விலை. விளையாவிட்டால் வட்டிக்காரர் வாசலிலே தலை!

இந்த வறண்ட மண்ணிலிருந்து 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் எனும் இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். உழவுக்குப் பகையான வறட்சியே தொழிலுக்குத் துணையாயிற்று. வெயில் இருந்தால் குச்சி காயும், மருந்து காயும், அச்சு மையும் காயும். தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு வந்தது. பெட்டிமேல் ஒட்டும் படத்துக்காக அச்சகம் வந்தது. குட்டி ஜப்பான் என்ற பட்டமும் சிவகாசிக்கு வந்தது. முனைந்தவர் முயற்சியை நாம் மறைக்கவில்லை. மறைப்பது நம் பண்புமன்று. வானம் கைவிட்ட ஊர்களுக்குக் கஞ்சி வார்த்தது அந்தத் தொழில். ஆனால் கேட்கிறேன்: இருவர் கல்கத்தா சென்ற கதை ஏட்டிலே இருக்கிறது, இருளிலே எழுந்து ஆலை வண்டிக்கு ஓடிய இலட்சக்கணக்கான பெண்களின் கதை எந்த ஏட்டிலே இருக்கிறது?

பெண்கள் மட்டுமா ஓடினார்கள்? பிள்ளைகளும் ஓடினார்கள்! அரசியல் வேறுபாடுகளைக் கடந்து எவரும் போற்றத்தக்க செயலாக, 1956ஆம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தந்தார் காமராசர். அவர் பிறந்த மாவட்டம் இதுதான். பள்ளியிலே சோறு இருந்தது. எனினும் இந்த வட்டாரத்தில் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீசின் வண்டி ஊருக்குள் வந்துவிடும். பள்ளி மணி அடிக்கும் நேரத்தில், பிஞ்சு விரல்கள் சட்டத்திலே குச்சி அடுக்கத் தொடங்கிப் பல நாழிகை ஆகியிருக்கும். 1976இல் அப்படிப் பிள்ளைகளை ஏற்றி வந்த பேருந்தொன்று வெள்ளத்திலே சிக்கியது. பல குழந்தைகள் மாண்டனர். அதன்பின் நாடு விழித்தது. ஆயினும் மெல்ல விழித்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம். 1996 டிசம்பர் 10ஆம் நாள், சிவகாசிப் பிள்ளைகள் பற்றிய வழக்கிலே உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு: ஆபத்தான தொழிலிலே குழந்தையை அமர்த்திய முதலாளி, ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், அக்குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு வேலை தர அரசு முயல வேண்டும், இயலாவிட்டால் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்று.

அந்தத் தீர்ப்பிலே எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? குழந்தையை வெளியே அனுப்பு என்பதோடு நீதிமன்றம் நிற்கவில்லை. குழந்தை கொண்டுவந்த கூலிக்கு ஈடாக வீட்டிலே அடுப்பெரிய வேண்டுமே, அதற்கு என்ன வழி என்றும் எண்ணிப் பார்த்தது. சட்டமும் சத்துணவும் சங்கங்களின் பணியும் தாய்மாரின் வைராக்கியமும் சேர்ந்து, பெரும்பாலான பிள்ளைகளை வகுப்பறைக்குக் கொண்டு வந்துவிட்டன. தீராது என்று சொல்லப்பட்ட நோய் அது. குறைந்தது, தோழனே, கண்ணெதிரே குறைந்தது! ஏன் குறைந்தது? எண்ணினார்கள், ஆகவே குறைந்தது. ஆலை வாயிலிலே நின்று இத்தனை குழந்தைகள் என்று கணக்கெடுத்தார்கள். கணக்கு வந்தது, வழக்கு வந்தது, தீர்ப்பு வந்தது. எண்ணப்படாத துன்பத்துக்கு எந்த நீதிமன்றத்திலும் எண் கிடைப்பதில்லை.

பிள்ளைகள் எண்ணப்பட்டார்கள், தாய்மார்கள்?

அவர்களையும் எண்ணுகிறார்கள். எப்போது தெரியுமா? எரிந்த பிறகு!

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. மாண்டவர் நாற்பது பேரளவில். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். மாண்டவர் இருபது பேரளவில். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம். மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2024 மே 9, செங்கமலப்பட்டி. 2025 சூலை 1, சின்னக்காமன்பட்டி. ஊர்ப் பெயர்களைப் படிக்கிறாயே, இவற்றில் எந்த ஊரை அதற்கு முன் நீ அறிந்திருந்தாய்? எந்த ஏடு எழுதியிருந்தது? வானொலியும் தொலைக்காட்சியும் எங்கள் சிற்றூர்களின் பெயரை உச்சரிக்கக் கற்றுக்கொள்வது, அங்கே புகை எழும்பிய பிறகுதான். புகை எழுந்ததும் அதிகாரிகள் வருகிறார்கள். ஒவ்வொரு பெயராய் எழுதுகிறார்கள். வயது என்ன, ஊர் என்ன, கணவர் பெயர் என்ன, செய்த வேலை என்ன என்று வினவுகிறார்கள். உயிரோடிருந்த காலத்தில் "தொழிலாளர் அல்லாதவர்" என்றோ "மற்றவர்" என்றோ எழுதப்பட்டவள், அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பட்டாசுத் தொழிலாளி என்று அரசின் ஏட்டிலே ஏறுகிறாள். செத்த பிறகு கிடைக்கும் பதவி அது!

இந்தத் தீ விதியா? இல்லை. விதி இருக்கிறது, ஆனால் அது அரசு வகுத்த விதி, மீறப்படும் விதி. வெடிமருந்து கையாளும் அறைக்குள்ளே நால்வருக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. தீ பிடித்தால் ஓட வழி வேண்டும், கூட்டம் நெருங்கினால் வழி அடையும், ஆகவே நால்வர். ஆனால் நடப்பதென்ன? உரிமம் ஒருவர் பெயரிலே. அறைகளோ பலர் கையிலே. அறை அறையாய் உள்குத்தகைக்கு விடப்படுகின்றன. வாடகை கொடுத்தவன் வாடகையை மீட்க வேண்டும், மீட்க ஆள் சேர்க்கிறான், நால்வர் எட்டாகிறார்கள், இடமில்லையேல் மரத்தடிக்கு வருகிறார்கள். கூலியோ குரோசு கணக்கு. வேகமாய்ச் செய்தால்தான் காசு. மணிமருந்தோ நிதானத்தைக் கேட்கிறது. ஓர் உராய்வைப் பொறுக்காது. நிதானம் கேட்கும் மருந்து ஒரு கையிலே. வேகம் கேட்கும் வயிறு மறு பக்கத்திலே. இவ்விரண்டுக்கும் நடுவிலே அமர்ந்திருப்பவள்தான் நம் தாய், நம் தங்கை.

உள்குத்தகைக்காரனிடம் வருகைப் பதிவேடு ஏது? யார் அன்று வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்பதே தெரியாத நிலையில் தீ வந்தால், "என் மருமகள் அங்கேதான் போனாள்" என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் குடும்பத்தின் தலையிலேயே விழுகிறது. நலவாரியம் இருக்கிறது; பதிந்தால்தான் பயன். காப்பீடு இருக்கிறது, பெயர் இருந்தால்தான் பயன். ஒன்றைக் கவனி: கணக்கேட்டிலே அவள் பெயர் ஏறாததும், வருகைப் பதிவேட்டிலே அவள் பெயர் ஏறாததும் இரு வேறு செய்திகள் அல்ல. "நான் சும்மா இருக்கிறேன்" என்று அவள் சொல்வதும், "அவள் என் ஆலைத் தொழிலாளியே அல்ல" என்று ஒருவன் கைவிரிப்பதும் ஒரே கயிற்றின் இரு முனைகள்!

கடல் கடந்து ஒரு நாட்டைக் காட்டட்டுமா? 1888ஆம் ஆண்டு, சூலைத் திங்கள், இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதி. பிரையன்ட் அண்டு மே என்ற பெரும் தீப்பெட்டி ஆலை. அங்கும் பெண்கள்தாம், சிறுமிகள்தாம். சற்றுப் பிசகினால் கூலியிலே பிடித்தம். வெள்ளைப் பாசுபரம் தாடை எலும்பையே அரித்துத் தின்னும். அந்நகரிலே எத்தனையோ சீமாட்டிகள் அந்தக் குச்சியால் விளக்கேற்றினார்கள். குச்சி செய்தவளின் தாடையை எவரும் கண்டாரில்லை. அன்னி பெசன்ட் கண்டார். பின்னாளிலே சென்னை அடையாறுக்கு வந்து நம் நாட்டு அரசியலிலும் நின்ற அதே அம்மையார்தான். அரசியலிலே அவரோடு நம் முன்னோருக்கிருந்த வழக்கு வேறு, அது கிடக்கட்டும். அவர் ஆலைப் பெண்களிடம் சென்றார், எத்தனை மணி வேலை, எவ்வளவு கூலி, எதற்கெல்லாம் அபராதம் என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார், ஏட்டிலே வெளியிட்டார். ஏறத்தாழ 1,400 பெண்கள் ஆலையை விட்டு வெளியேறினார்கள். சில வாரங்களிலே அபராத முறை வீழ்ந்தது, சங்கம் பிறந்தது. வெள்ளைப் பாசுபரத்தை அந்த ஆலை 1901இல் கைவிட்டது. இந்தியாவிலும் 1913இல் சட்டமியற்றி அந்த நஞ்சைத் தடுத்தார்கள். எங்கிருந்து தொடங்கியது? வெடிகுண்டிலிருந்தா? வாளிலிருந்தா? ஒரு குறிப்பேட்டிலிருந்து! ஒருவர் கேட்டார், மற்றவர் மறைக்காமல் சொன்னார், அங்கிருந்து தொடங்கியது.

"தோழரே, தொழிலையே மூடிவிட்டால் தொல்லை தீருமே!" என்கிறார் நகரத்து நண்பர் ஒருவர். அவர் கூற்றை நான் எள்ளி நகையாடமாட்டேன். தில்லி நகரத்துக் குழந்தையின் நுரையீரலும் நுரையீரல்தான். 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பேரிய உப்புகளைத் தடுத்தது, சரவெடியைத் தடுத்தது, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுக்கே வழிவிட்டது, தீபாவளியன்று வெடிக்க இரவிலே இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தது. காற்றுக்காக வழங்கிய தீர்ப்பு அது. காற்று நம் அனைவர்க்கும் பொது. ஆனால் அதைத் தொடர்ந்து என்ன நடந்தது? ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. சரம் பின்னுவது ஒன்றே தெரிந்த விரல்கள் எங்கே போயின? திருப்பூருக்கு எத்தனை பேர் பேருந்தேறினார்கள்? கோவைக்கு எத்தனை பேர்? கந்துக் கடனிலே மூழ்கியவர் எத்தனை பேர்? காற்றிலே எத்தனை நுண்துகள் என்று அளக்கக் கருவி இருக்கிறது. கஞ்சியில்லா வீடுகள் எத்தனை என்று அளக்க எவரிடமும் கருவி இல்லை. 1996இல் குழந்தையை வெளியே அனுப்பிய நீதி, அடுப்பைப் பற்றியும் கேட்டது. அதே நீதியைத் தாய்க்கும் கேட்கிறோம், அவ்வளவுதான்.

தொழில் மாறும் தோழனே. மாறாத தொழில் உலகிலே இல்லை. பக்கத்துச் சாத்தூரைப் பார்! ஒரு காலத்தில் பேனா முள்ளுக்குப் பெயர் பெற்ற ஊர். குடிசைதோறும் நிப்பு செய்தார்கள். பந்துமுனைப் பேனா வந்தது, நிப்பு போயிற்று. எத்தனை கைகள் வேலையிழந்தன என்று எண்ணியவர் உண்டா? தீப்பெட்டியைப் பார்! 2007இல் ஒரு ரூபாயான பெட்டி, இரண்டு ரூபாயாக 2021 டிசம்பர் வரை காத்திருந்தது, பதினான்கு ஆண்டுகள்! இடையிலே அரிசி விலை காத்திருந்ததா? எண்ணெய் விலை காத்திருந்ததா? வெளிநாட்டு லைட்டர் கடைகளிலே தொங்கியது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டரின் இறக்குமதிக்கு 2023 சூனில்தான் தடை வந்தது. மாற்றம் வரும்போது முதலீட்டுக்கு வழி சொல்ல வல்லுநர் பலர் வருகிறார்கள். விரல்களுக்கு வழி சொல்ல வேண்டுமானால், முதலில் விரல்கள் எத்தனை என்று தெரிய வேண்டும்.

சாத்தூர் அருகே குமாரலிங்கபுரத்திலே 1,052 ஏக்கரில் பெரும் ஜவுளிப் பூங்கா என்று 2023இல் அறிவித்தார்கள். வரட்டும், வரவேற்போம். ஆனால் அந்தப் பூங்காவின் வாயிலிலே முதலில் நிற்க வேண்டியவள் யார்? மருந்து அறையிலிருந்து வெளிவர விரும்பும் பெண். அவள் எங்கே இருக்கிறாள், எத்தனை வயது, என்ன கற்றிருக்கிறாள் என்பதற்குச் சான்று? ஏட்டைப் புரட்டினால், "வேலை செய்யாதவர்" என்றிருக்கிறது! வேலையே செய்யாதவருக்கு மாற்று வேலை எதற்கு என்று கோப்பு கேட்கும். அதற்கு என்ன விடை சொல்லப் போகிறாய்?

வெடி ஒன்றே எங்கள் விதியென்று எவரும் எண்ண வேண்டாம். வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரையிலே, 2022 முதல் அகழ்ந்து பார்த்தார்கள். சங்கு வளையல் கிடைத்தது. கண்ணாடி மணி கிடைத்தது. சுடுமண் காதணி கிடைத்தது. நூல் நூற்கும் தக்களி கிடைத்தது. வெடிமருந்தின் வாடையறியாத காலத்திலேயே இம்மண்ணின் மக்கள் அறுத்தார்கள், துளைத்தார்கள், நூற்றார்கள். கைத்திறம் இவர்களுக்குக் கல்கத்தாவிலிருந்து வந்ததன்று, மண்ணுக்குள்ளேயே கிடந்தது. மண்ணுக்குள் கிடந்த வளையலைக்கூட எண்ணி, எண்ணிட்டு, கண்ணாடிப் பேழையிலே வைக்கிறோம். வைக்கத்தான் வேண்டும். வளையலைச் செய்தவளின் வழித்தோன்றல் திண்ணையிலே உட்கார்ந்திருக்கிறாளே, அவளை?

இப்போது நான் வந்த இடத்துக்கு வருகிறேன். 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்தது இந்நாட்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு. 1941இல் உலகப் போர் நடந்தபோதும் எண்ணினார்கள். 2021இலே முதன்முறையாக அந்தத் தொடர் அறுந்தது. 2027ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளை அடிப்படையாக வைத்து எண்ணப்படும் என்று 2025 சூனில் அறிவிக்கை வந்தது. 2011இலே விருதுநகர் மாவட்டத்து மக்கள் 19,42,288. ஆயிரம் ஆண்களுக்கு 1,007 பெண்கள். ஆணைக்காட்டிலும் பெண் மிகுந்த மாவட்டத்திலே, பெண்ணின் உழைப்பு மட்டும் கணக்கிலே மெலிந்திருக்கிறது!

இந்தக் கணக்கின்மீது இன்னொரு பாரமும் ஏறியிருக்கிறது. மாநிலத்துக்கு எத்தனை நாடாளுமன்ற இடம் என்பதை 1971ஆம் ஆண்டு மக்கள் தொகையோடு நிறுத்தி வைத்தது 1976ஆம் ஆண்டுத் திருத்தம். அந்த நிறுத்தத்தை, 2026க்குப் பின் வரும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டியது 2001ஆம் ஆண்டுத் திருத்தம். இருவர் போதும் என்றார்கள். எங்கள் கரிசல் காட்டுத் தாய் கேட்டாள். அளவோடு பெற்றாள், பெற்றதைப் படிக்க வைத்தாள். சொன்னதைக் கேட்டவளின் குரல் குறையலாமா என்பது பெரிய கேள்வி. அதை மன்றங்களிலே பேசுவோம், பேசிக்கொண்டே இருப்போம். ஆனால் டில்லியிலே நம் தலையை எப்படி எண்ணுகிறார்கள் என்று கேட்கும் நாம், வீட்டுத் திண்ணையிலே நம் தாயின் கையை எண்ணினோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா? அங்கே கேட்கும் உரிமை, இங்கே செய்யும் கடமையிலிருந்துதான் பிறக்கும்.

ஆகவே உனக்கு மூன்று பணி தருகிறேன். மேடை வேண்டாம், மாலை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம்.

முதலாவது: கணக்கெடுப்போர் வருமுன் உன் தெருவிலே ஒவ்வொரு வீட்டுக்கும் போ. "என்ன வேலை?" என்று கேட்கும்போது எதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்று எடுத்துச் சொல். குழாய் உருட்டுவது வேலை. பெட்டி ஒட்டுவது வேலை. ஆடு மாடு வளர்த்துப் பால் விற்பது வேலை. சென்ற ஆண்டு எத்தனை மாதம் ஆலைக்குப் போனாய், எத்தனை நாள் முள் வெட்டினாய், எத்தனை நாள் களையெடுத்தாய் என்று கூட்டிப் பார்க்கச் சொல். பொய் சொல்லத் தூண்டாதே. ஒரு நாளையும் மிகைப்படுத்தாதே. மெய்யை முழுதாகச் சொல்ல வை. அதுவே போதும், அதுவே மிகுதி.

இரண்டாவது: நலவாரியத்திலே பதியாத தொழிலாளி உன் ஊரிலே இருக்கும்வரை, உன் வீட்டுச் சுவரிலே நம் கொடியை வரைந்து பயனில்லை. ஆலையிலே வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று கேட்கச் சொல். இல்லையென்றால் ஏன் என்று கேட்க நீ போ.

மூன்றாவது: ஓர் அறைக்கு நால்வர் என்ற எண்ணை ஊரறியச் செய். பள்ளிப் பிள்ளைக்கு வாய்பாடு சொல்லித் தருவதுபோல் சொல்லித் தா. ஐந்தாவதாய் ஒருத்தி அறைக்குள் நுழையும்போது, உள்ளே இருக்கும் நால்வருக்கும் அது தங்கள் உயிர்க்கணக்கு என்று தெரிய வேண்டும். உள்குத்தகை நடந்தால் மறைக்காதே. உடன் பயின்றவன், உறவினன், நம் கட்சிக்காரன் என்றாலும் மறைக்காதே. இதைச் சொல்வதால் சிலர் என்மீது சினப்பார்கள். சினக்கட்டும். எரிந்த வீட்டுக்கு மாலையோடு போய் நிற்பதைவிட, எரியுமுன் ஏச்சு வாங்குவது மேல்.

சென்ற கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது; இருந்தும் குழாய் உருட்டுகிறாள். கண் எதற்கு, விரலுக்கே தெரியும் என்கிறாள். அருகிலமர்ந்து கேட்டேன்: "அம்மா, கணக்கெடுக்க மறுபடியும் வருவாங்க. என்ன வேலைன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

சிரித்தாள். "போன தடவையும் நீ பக்கத்துலதானே இருந்தே. அப்பக் கேக்கலையே?" என்றாள்.

ஆயிரம் பேர் கூடிய கூட்டத்திலே குறுக்குக் கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் விடை தந்திருக்கிறேன், தோழனே. இதற்கு விடை என்னிடம் இல்லை. இம்முறை பக்கத்தில் இருப்பேன்; பேசுவேன். நீயும் உன் வீட்டுத் திண்ணையிலே இரு.